ஓரியின் வேட்டைப் பட்டியலும் இதயத் தமனிகளும்

புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு வேட்டையைப் பாடுகிறார். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஒருவன் விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்துகிறது, புலியைக் கொல்கிறது, புள்ளிமானை உருட்டுகிறது, காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்து நிற்கிறது. அந்த வேட்டுவன்தான் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி. நாமக்கல் மாவட்டத்துச் செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது.

ஓரியின் தோள்வலிக்குச் சான்றாகத்தான் இந்தப் பாட்டை எல்லோரும் எடுத்தாள்வார்கள். எனக்கு அதிலுள்ள விலங்குகளின் வரிசைமேல் தனி ஈடுபாடு உண்டு. நான்கு பாலூட்டிகள், ஓர் ஊர்வன. பாட்டில் இதயத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அந்த ஐந்து உடல்களின் நெஞ்சுக்கூட்டைத் திறந்து, இதயங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒப்பீட்டு உடற்கூறியல் இருநூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் முக்கியமான கேள்விகள் எல்லாம் அந்த வரிசைக்குள் வந்துவிடும். இதயத் தசை தனக்கு வேண்டிய குருதியை எந்த வழியாகப் பெறுகிறது? அந்த வழி விலங்குக்கு விலங்கு எப்படி மாறுகிறது? ஒரு வழி அடைபட்டால் எந்த விலங்கு பிழைக்கும், எது சாகும்? கடைசிக் கேள்விக்கான விடை, கத்தியால் அறுத்துக் கண்ணால் காணும் பெரிய குழாய்களில் இல்லை என்பதே இந்தக் கட்டுரை சொல்லவரும் செய்தி.

முதலில் பொதுவான அமைப்பு. இதயத்தின் அறைகளில் எந்நேரமும் குருதி நிறைந்திருந்தாலும், பாலூட்டியின் இதயத் தசை அதை நேரே உறிஞ்சிக்கொள்ள முடியாது. சுவர் அவ்வளவு தடிமன். இடக் கீழறையிலிருந்து கிளம்பும் மகாதமனியின் அடியிலேயே, அதன் வால்வு இதழ்களுக்குச் சற்று மேலே, இரண்டு சிறு துளைகள் உள்ளன. அங்கிருந்து புறப்படும் இடது, வலது கரோனரி தமனிகள்தான் இதயத்துக்கே உணவு கொண்டு செல்பவை. மனித இதயம் உடல் எடையில் ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதே அது வெளித்தள்ளும் குருதியில் சுமார் 5 சதவீதத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. உடலின் மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் ஆக்சிஜனில் சராசரியாகக் கால் பங்கைத்தான் பயன்படுத்துகின்றன. இதயத் தசையோ ஓய்விலேயே எழுபது சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. ஆகவே மலையேறும்போது கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டால், கூடுதல் குருதி வந்தாக வேண்டும். வேறு கையிருப்பு கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இடக் கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அதனால் அதற்கு வேண்டிய குருதி பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட தளர்வு நேரத்தில்தான் போய்ச் சேர்கிறது.

இந்தத் தளர்வு நேரம் விலங்கின் உருவத்தைப் பொறுத்தது. பாலூட்டிகளில் இதயத்தின் எடை, சுண்டெலி முதல் யானை வரை, உடல் எடையில் ஏறத்தாழ 0.6 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. துடிப்பு வேகம் மட்டும் உருவம் பெருக்கப் பெருக்கக் குறைகிறது. யானைக்கு நிமிடத்துக்கு 30 துடிப்பு. இரண்டு கிராம் எடையுள்ள எட்ருஸ்கன் மூஞ்சூறுக்கு ஆயிரத்துக்கும் மேல். அந்தச் சின்னஞ்சிறு இதயம் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கிடைக்கும் நொடியின் சிறு பின்னத்துக்குள் தன் சுவர் முழுவதற்கும் குருதி பாய்ச்சிக்கொள்ள வேண்டும்.

பட்டியலின் முதல் விலங்கு யானை. இன்று கொல்லிமலையில் யானை இல்லை. யானை இதயத்தைப் பற்றிய பழைய பதிவு ஒன்று ரோம் நகரத்திலிருந்து கிடைக்கிறது. கிபி இரண்டாம் நூற்றாண்டில் அங்கே ஒரு யானை கொல்லப்பட்டபோது, அதன் இதயத்துக்கு நுனி ஒன்றா இரண்டா, அறைகள் இரண்டா மூன்றா என்று மருத்துவர்கள் கூடி வாதிட்டதாகக் கிரேக்க மருத்துவர் காலன் எழுதியிருக்கிறார். காற்றை மூச்சிழுக்கும் மற்ற விலங்குகளின் இதயத்தைப் போலத்தான் இதுவும் இருக்கும் என்று அவர் முன்கூட்டியே சொன்னார். பேரரசரின் சமையல்காரர்கள் அந்த இதயத்தை எடுத்துப் போன பிறகும் விடாமல் ஆளனுப்பி, அதிலுள்ள எலும்பை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். அறிவைத் தேடி அடுக்களை வாசல் வரை போன அந்த விடாப்பிடி எனக்குப் பிடித்திருக்கிறது. நுனி விஷயத்தில் கேள்வி கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. யானையின் இதயத்தில் வலக் கீழறையும் இடக் கீழறையும் அடியில் பிளவுபட்டு இரண்டு நுனிகளாகத்தான் முடிகின்றன. நமக்குள்ளதுபோல ஒற்றைக் கூம்பாக இருப்பதில்லை.

இந்த இரட்டை நுனி இன்னொரு விலங்குக் கூட்டத்துக்கும் உண்டு. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் கடல்பசுவின், நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வதன், இதயத்திலும் கீழறைகளுக்கு நடுவே ஆழமான பிளவு இருக்கிறது. யானையும் ஆவுளியாவும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை என்பதை மரபணு ஆய்வும் புதைபடிவங்களும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. காட்டில் ஒன்றும் கடலில் ஒன்றுமாகப் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆன பிறகும் இதயத்தின் வெளிவடிவம் அந்த உறவை விட்டுவிடவில்லை.

யானைக்கும் தமனி நோய் வரும். 1960களில் கென்யாவிலும் உகாண்டாவிலும் ஆப்பிரிக்க யானைகளின் உடல்களை ஆராய்ந்த சில்வியா சைக்ஸ், காட்டு யானைகளின் தமனிச் சுவர்களில் கொழுப்பும் சுண்ணமும் படிந்திருப்பதைக் கண்டார். காடு அழிந்து புல்வெளியாய்ப் போன வாழிடங்களில் இது கூடுதலாக இருந்தது. இறைச்சி என்பதையே அறியாத, பொரித்த பண்டம் எதையும் தின்னாத விலங்குக்கு இது எப்படி வந்தது என்பது இன்னும் யோசிக்கவைக்கும் கேள்வி. நம் ஊரில் இறந்த காட்டு யானைகளுக்கு உடற்கூராய்வு செய்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்தி, தானே செய்தும் காட்டியவர் வனக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர்கள் அவரை அறிவார்கள். அழுகிய உடலைத் திறந்து பார்க்கத் துணிபவர் இல்லாமல் இந்தத் துறையில் எந்த அறிவும் சேராது.

புலியை விரைவாகக் கடந்துவிடலாம். பூனைக் குடும்பத்தின் பெரிய விலங்குகளுக்கு உடலோடு ஒப்பிட்டால் இதயம் சிறியது. சிங்கத்துக்கு அது உடல் எடையில் அரை சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இரையை நெடுந்தூரம் துரத்தும் புள்ளிக் கழுதைப்புலிக்கு ஒரு சதவீதத்தை நெருங்குகிறது. பதுங்கிப் பாயும் விலங்குக்குச் சில நொடி வேகம் போதும். நெடுநேரம் ஓடும் விலங்குக்குத்தான் பெரிய இதயமும் பெரிய குழாய்களும் வேண்டும்.

மானைப் பற்றிப் பேச, மானைத் தேடிப் போக வேண்டியதில்லை. அசைபோடும் விலங்குகளான மான், மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் கரோனரி அமைப்பு அடிப்படையில் ஒரே மாதிரியானது. கொல்லிமலையில் வீட்டுக்கு வீடு வெள்ளாடு உண்டு. மலையடிவாரத்து நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் முதலில் கையிலெடுக்கும் இதயங்களும் ஆட்டினுடையதும் மாட்டினுடையதும்தான். கறிக்கடையில் சொல்லிவைத்து, கீறாத முழு ஆட்டு இதயம் ஒன்றை வாங்கிக் கொண்டால், நான் இனிச் சொல்வதை வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இதயத்தை உள்ளங்கையில் வைத்து, இரு மேலறைகளின் மடல்நுனிகளும் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். நடுவே தடித்து மேலே போவது நுரையீரல் தமனி. அதன் இடப்பக்க அடியிலிருந்து கெட்டியான வெள்ளைக் கொழுப்பு ஒரு பட்டையாகச் சரிந்து நுனியை நோக்கி இறங்கும். அந்தக் கொழுப்பை நகத்தால் மெல்ல விலக்கினால், அடியில் முன் இறங்குகிளை ஓடுவது தெரியும். இதய மருத்துவர்கள் எல்.ஏ.டி. என்று சொல்வது இதைத்தான். இனி இதயத்தைப் பின்புறமாகத் திருப்புங்கள். அங்கேயும் இரு கீழறைகளுக்கும் எல்லையாக ஒரு கொழுப்புப் பள்ளம் இறங்குகிறது. அதற்குள்ளும் ஒரு தமனி. இந்தப் பின்கிளை எங்கிருந்து வருகிறது என்று மேல்நோக்கிப் பின்தொடருங்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இதயத்தைச் சுற்றிவரும் பள்ளத்தில் அது இடப்பக்கமாக வளைந்து, இடது கரோனரியின் சுற்றுக்கிளையோடு போய்ச் சேரும். வலது கரோனரி பாதி வழியிலேயே நின்றுவிடும். மகாதமனியை நீளவாக்கில் வெட்டித் திறந்தால் மூன்று இதழ் வால்வும் அதற்கு மேல் இரு துளைகளும் தெரியும். ஒரு ஈர்க்குச்சியை ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பாருங்கள். இடப்பக்கத் துளையில் தாராளமாகப் போகும். வலப்பக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும். ஆட்டு இதயத்தின் பெரும்பகுதி இடது தமனியை நம்பியே வாழ்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

அசைபோடும் விலங்குகளின் இதயத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. மகாதமனியின் அடி வளையத்தில் எலும்பு. வளர்ந்த மாட்டின் இதயத்தில் இரண்டு எலும்புத் துண்டுகள் இருக்கும், வலப்பக்கத்தது பெரியது. கலைமானின் இதய எலும்பை இடைக்கால ஐரோப்பாவில் நெஞ்சு நோய்க்கு மருந்தாக விற்றார்கள். யானை இதயத்தில் காலன் தேடியதும் இதைத்தான். 2020இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிம்பன்சி இதயங்கள் சிலவற்றிலும் இத்தகைய எலும்பைக் கண்டார்கள். தசை நார்த்தடிப்பு நோய் கண்ட இதயங்களோடு அது சேர்ந்து வந்தது.

அடுத்து பன்றி. கொல்லிமலை விவசாயிக்குக் காட்டுப்பன்றி என்றாலே மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிப்போட்ட காடுதான் நினைவுக்கு வரும். இதய ஆய்வாளருக்கு அதே இனம் மனித இதயத்துக்கு மிக நெருங்கிய மாற்று. பன்றி இதயத்தின் பின்புறப் பள்ளத்துத் தமனியைப் பின்தொடர்ந்தால், அது பெரும்பாலும் வலப்பக்கமாக வளைந்து வலது கரோனரியில் போய்ச் சேரும். மனிதர்களிலும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு அப்படித்தான். இதை வலப்பக்க ஆதிக்கம் என்பார்கள். மேலறையிலிருந்து கீழறைக்கு மின் தூண்டலைக் கடத்தும் முடிச்சுக்கு உணவூட்டும் சிறுகிளையும் இந்த ஆதிக்கத் தமனியிலிருந்தே பிரிகிறது. வலது தமனி அடைபட்டவர்களுக்கு நாடித்துடிப்பு திடீரென்று குறைந்து தலை சுற்றுவதற்குக் காரணம் இதுதான்.

பன்றியும் ஆடும் இரட்டைக் குளம்பு விலங்குகள், நெருங்கிய உறவுடையவை. இருந்தும் ஒன்று வலம், மற்றது இடம். நாய்க்கும் ஆட்டுக்கும் அவ்வளவு நெருங்கிய உறவில்லை. இரண்டும் இடப்பக்க ஆதிக்கம். குதிரை பெரும்பாலும் பன்றியின் பக்கம் சேர்கிறது. ஆக, யானைக்கும் ஆவுளியாவுக்கும் உறவைக் காட்டிய வடிவம், தமனி விஷயத்தில் நமக்கு உதவவில்லை. பின்கிளை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்து வம்சாவளி வரையப் போனால் தவறான குடும்ப மரம்தான் கிடைக்கும். உயிர் பிழைப்பதையும் அது தீர்மானிப்பதில்லை. அதற்கு நுண்ணிய குழாய்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டு தமனிகளின் கிளைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமே விட்டமுள்ள இணைப்புக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு கிளை அடைபட்டால் பக்கத்துக் கிளையிலிருந்து குருதி இந்த இணைப்பு வழியாக வர முடியும். இத்தகைய இணைப்புகள் உண்டு என்று ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் லோயர் 1669இலேயே எழுதினார். 1881இல் ஜெர்மன் ஆய்வாளர் யூலியஸ் கோன்ஹைம், நாய்களின் தமனியைக் கட்டிப் பார்த்துவிட்டு, கரோனரிகள் முட்டுச்சந்து போன்ற முடிவுக் குழாய்களே என்றார். வாதம் நெடுங்காலம் நீண்டது. இருவரும் ஒரு பாதி உண்மையைத்தான் பிடித்திருந்தார்கள். இணைப்புகள் உண்டா இல்லையா என்பதை விலங்கின் பெயர் சொல்லாமல் கேட்டால் விடையே கிடைக்காது.

விடை தெளிவாக வந்தது 1987இல். மேக்ஸ்வெல், ஹெர்ஸ், யெலன் ஆகிய மூவரும் எட்டு வகைப் பாலூட்டிகளில் கரோனரிக் கிளை ஒன்றை அடைத்து, அடைபட்ட பகுதிக்கு எவ்வளவு குருதி வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். கினிப்பன்றி என்னும் கொறிவிலங்கில் அடைப்புக்குப் பிறகும் குருதி ஏறக்குறைய முன்போலவே வந்தது, தசை சாகவில்லை. நாய்க்கும் பூனைக்கும் ஓரளவு வந்தது. எலி, முயல், ஃபெரட், பன்றி, பபூன் குரங்கு ஆகியவற்றுக்கு வந்தது மிகச் சொற்பம். எலியும் கினிப்பன்றியும் ஒரே கொறிவிலங்கு வரிசை. ஆனால் அடைப்பு நேர்ந்தால் ஒன்று சாகும், மற்றது ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். உறவும் உருவமும் இங்கே பெரிதாகப் பயன்படவில்லை.

இது வெறும் வகைப்படுத்தல் அல்ல. மாரடைப்பு பற்றி மருத்துவ உலகம் கற்றதில் பெரும்பகுதி நாய்களின் உடலில் கற்றது. ரெய்மர், ஜென்னிங்ஸ் இருவரும் 1977இல், நாயின் தமனியை அடைத்தால் தசைச்சாவு இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது என்று காட்டினார்கள். சீக்கிரம் அடைப்பை நீக்கினால் வெளிச்சுவரையாவது காப்பாற்றலாம் என்ற இன்றைய அவசர சிகிச்சைக் கொள்கைக்கு அடித்தளம் இட்டது அந்த ஆய்வு. ஆனால் நாயின் வெளிச்சுவர் அவ்வளவு நேரம் தாங்குவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் ஓடும் இணைப்புக் குழாய்கள்தான். பன்றிக்கு அவை இல்லை. அதன் சுவர் முழு ஆழத்துக்கும் மிகச் சீக்கிரமே செத்துவிடுகிறது. நாயில் நல்ல பலன் தந்த ஒரு மருந்து, உண்மையிலேயே தசையைக் காத்ததா, அல்லது அந்த நாய்க்கு இயல்பிலேயே இணைப்புகள் கூடுதலா என்ற ஐயம் இதனால் எப்போதும் எழுந்தது.

1986இல் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நாயின் தமனியை ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு 40 நிமிடம் முழுதாக அடைத்தால், சாகும் தசையின் அளவு முன்னேற்பாடில்லாத நாயில் உள்ளதில் கால் பங்காகக் குறைந்தது. சிறு தாக்குதல் பெருந்தாக்குதலைத் தாங்கப் பழக்கியது. நாயின் இணைப்புகள் அதற்குள் திறந்துகொண்டனவோ என்ற கேள்வி உடனே எழுந்தது. 1990இல் பன்றியிலும் அதே பலன் கிடைத்தபோதுதான், இது குழாய்களின் வேலை இல்லை, தசைச் செல்லே கற்றுக்கொள்ளும் தற்காப்பு என்று உறுதியானது. ஒரு விலங்கிடம் இல்லாத ஒன்றே அந்தக் கேள்விக்கு விடை தந்தது. ஒப்பீட்டு உடற்கூறியலின் முழு மதிப்பும் எனக்கு விளங்கியது இந்தச் சோதனையைப் படித்தபோதுதான்.

மனிதர் எந்தப் பக்கம்? ஆளுக்கு ஆள் மாறுகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிறிஸ்டியன் சைலரின் குழு, கரோனரி நோயில்லாதவர்களிடம் பலூனால் ஒரு தமனியைச் சிறிது நேரம் அடைத்து அளந்தபோது, நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்கு அந்த நேரத்தைத் தாங்கும் அளவு இணைப்புகள் இருந்தன. மற்றவர்கள் பன்றியின் பக்கம் நின்றார்கள். பல ஆண்டுகளாக மெல்ல மெல்லத் தமனி சுருங்கியவர்களுக்கு இணைப்புகள் வளர நேரம் கிடைக்கிறது. முழு அடைப்பு வந்தும் வலியே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. இளம் வயதில், எந்த முன்னறிகுறியும் இல்லாமல், கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து உறைகட்டி அடைத்துக்கொண்டவருக்கு அந்த அவகாசம் இல்லை.

கொல்லிமலையில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. செம்மேட்டில் நெஞ்சுவலி கண்டவரை ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக, காரவள்ளிப் பக்கத்து 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் அடைபட்ட பகுதிக்கு இணைப்புக் குழாய்கள் எவ்வளவு கொண்டுவந்து தருகின்றனவோ அவ்வளவுதான் தசை பிழைக்கும். அவரிடம் அவை உண்டா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளின் முதல் பெரிய அளவைக் கொடுத்து அனுப்பச் சொல்வது இந்தக் கணக்கில்தான். உறைகட்டி மேலும் பெருகாமல் தடுத்தால் இணைப்புகள் செய்யும் வேலைக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

தமனி எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பதும் விலங்குக்கு விலங்கு மாறும். பன்றி, மாடு, குதிரை ஆகியவற்றில் பெரிய கிளைகள் தசைக்கு மேலே, கொழுப்பில் பதிந்து ஓடுகின்றன. எலி, முயல், அணில் போன்ற சிறு விலங்குகளில் கிளம்பிய உடனேயே தசைக்குள் மூழ்கிவிடுகின்றன. ஆடு, நாய், மனிதர் இடைப்பட்டவர்கள்: மேலே ஓடும் தமனியின்மீது ஆங்காங்கே தசை நார்கள் பாலம்போல் குறுக்கே போகும். செக் ஆய்வாளர் போலாச்செக் 1961இல் இத்தகைய தசைப் பாலங்களை விரிவாகப் பதிவு செய்தார். நமக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. தசைப் பாலத்துக்கு அடியில் ஓடும் பகுதியில் கொழுப்புத் திட்டு பெரும்பாலும் படிவதில்லை. அதற்குச் சற்று முன்னுள்ள பகுதியில்தான் படிகிறது. தசை ஒவ்வொரு துடிப்பிலும் நெரிப்பதால் குருதி ஓட்டத்தின் உராய்வு அங்கே மாறுகிறது என்பதே இன்றைய விளக்கம்.

சிரைகள் பக்கம் ஒரே ஒரு செய்தி, ஆனால் ஆய்வகத்தில் பலரைத் தடுமாறவைத்த செய்தி. பன்றியிலும் அசைபோடும் விலங்குகளிலும், விலாப்பகுதியின் குருதியைக் கொண்டுவரும் இடப்பக்கச் சிரை ஒன்று நேரே இதயத்தின் கரோனரிச் சிரைப்பையில் வந்து விழுகிறது. மனிதரில் அது வலப்பக்கமாகப் போய் மேற்பெருஞ்சிரையில் சேரும். இதை மறந்து பன்றியின் சிரைப்பையிலிருந்து குருதி எடுத்து, இதயம் எவ்வளவு ஆக்சிஜன் செலவழித்தது என்று கணக்கிட்டால், விலாத்தசைகளின் கணக்கும் அதில் கலந்துவிடும். அந்தச் சிரையைக் கட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

பன்றியோடு நமக்குள்ள நெருக்கம் அறுவை அரங்கு வரை போயிருக்கிறது. 1997 ஜனவரியில் அசாமின் சோனாபூரில் மருத்துவர் தனிராம் பரூவா ஒரு நோயாளிக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். நோயாளி ஒரு வாரம் உயிரோடு இருந்தார். பரூவா உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் கைதாகிச் சிறை சென்றார். கால் நூற்றாண்டு கழித்து, 2022 ஜனவரி 7ஆம் தேதி, அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள், பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றியின் இதயத்தை டேவிட் பென்னட் என்பவருக்குப் பொருத்தினார்கள். அந்தப் பத்தில் ஒன்று வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியை நீக்கும் மாற்றம். பன்றியின் இதயம் மனித நெஞ்சுக்குள் தொடர்ந்து பெருத்துவிடாமல் இருக்க. பென்னட் இரண்டு மாதம் வாழ்ந்து மார்ச் 8ஆம் தேதி இறந்தார். தமனிகளின் போக்கு ஒத்துப்போவதால் மட்டும் இரு இதயங்களும் ஒன்றாகிவிடாது. பன்றி இதயம் நாற்கால் உடலுக்குள் குறுகித் தொங்கும் வடிவம். நமது இதயம் நிமிர்ந்த உடலில் உதரவிதானத்தின்மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. மேலறை மடல்களின் அளவும் வேறு. 1998இல் சைமன் கிரிக், ராபர்ட் ஆண்டர்சன் உள்ளிட்டோர் இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள்.

கடைசியாக உடும்பு. அதன் கீழறை முழுதாகப் பிரிக்கப்படாத ஒற்றை அறை. ஆனாலும் உள்ளிருக்கும் தசைமேடு, சுருங்கும் வேளையில் அறையை இரண்டாகத் தடுத்துவிடுவதால், உடலுக்குப் போகும் அழுத்தம் உயர்வாகவும் நுரையீரலுக்குப் போகும் அழுத்தம் தாழ்வாகவும் இருக்கிறது. ஊர்வனவற்றில் உடும்பு இனம் வேகமாக ஓடி வேட்டையாட முடிவதற்கு இது ஒரு காரணம். ஊர்வனவற்றின் கீழறைச் சுவரில் உட்பகுதி பஞ்சுபோலத் துளைகள் நிறைந்தது. அறைக்குள் இருக்கும் குருதி அந்தத் துளைகளில் புகுந்தே தசைக்கு உணவு தருகிறது. வெளியே உள்ள இறுகிய மெல்லிய அடுக்குக்குத்தான் கரோனரி தமனி. தவளையின் கீழறைக்கு அந்த அடுக்குமில்லை, அந்தத் தமனியுமில்லை.

நம் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. தாயின் வயிற்றில் முதல் வாரங்களில் மனிதக் கருவின் இதயமும் பஞ்சு போன்றதே. அதற்குக் கரோனரிகள் கிடையாது. சுவர் தடித்து இறுகத் தொடங்கும்போதுதான் குழாய் வலை உருவாகிறது. அது மகாதமனியிலிருந்து கிளைவிட்டு வெளியே வருகிறது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1980களின் இறுதியில் காடை, கோழிக் கருக்களில் செய்த ஆய்வுகள் நேர்மாறாகக் காட்டின: குழாய்கள் இதயத்தின் மேற்பரப்பில் முதலில் வலையாக வளர்ந்து, பிறகு வெளியிலிருந்து மகாதமனியின் சுவரைத் துளைத்து உள்ளே புகுகின்றன. 2010இல் கிறிஸ்டி ரெட்-ஹார்ஸ் குழு, சுண்டெலிக் கருவில் இந்த வலையின் பெரும்பங்கு சிரைச் செல்களிலிருந்து முளைத்துத் தமனியாக மாறுகிறது என்று கண்டது.

மகாதமனியும் நுரையீரல் தமனியும் அருகருகே இருப்பவை. அரிதாக, மூன்று லட்சம் பிறப்புகளில் ஒன்றில், இடது கரோனரி தவறிப் போய் நுரையீரல் தமனியில் இணைந்துவிடுகிறது. பாஸ்டனைச் சேர்ந்த பிளாண்ட், ஒயிட், கார்லாண்ட் ஆகியோர் 1933இல் இதன் நோய்க்குறிகளை விவரித்தார்கள். வயிற்றில் இருக்கும்வரை சிக்கலில்லை. இரண்டு தமனிகளிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் நுரையீரல் தமனியின் அழுத்தம் இறங்குகிறது, இடது கரோனரி வற்றுகிறது. இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்து, வெளிறி, நிறுத்தி நிறுத்தி அழும். அப்போது அந்தக் குழந்தையைக் காப்பது வலது கரோனரியிலிருந்து வரும் இணைப்புக் குழாய்கள் மட்டுமே. அவை போதாத குழந்தைகளில் சிகிச்சை இல்லையென்றால் பத்தில் ஒன்பது ஓராண்டுக்குள் இறந்துவிடும். அவை நன்கு வளர்ந்தவர்கள் நடு வயதுவரைகூட வாழ்ந்து, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில்தான் தம் இதயத்தைப் பற்றி அறிகிறார்கள். குழந்தை இதய அறுவை நிபுணர்கள் இன்று அந்தத் தமனியை, அதன் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு சேர்த்து வெட்டியெடுத்து, மகாதமனியில் அது முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் தைத்துவிடுகிறார்கள். பட்டினி கிடந்த தசையில் சாகாமல் செயலற்றுக் கிடந்த பகுதி, பெரும்பாலான குழந்தைகளில், சில மாதங்களில் மீண்டும் சுருங்கி விரியத் தொடங்குகிறது.